கிழங்கில் துளை, விளக்கடியில் சொடுக்கு: சொடுக்கு வண்டையும் கம்பிப்புழுவையும் அறிகுறி வழியாக அடையாளம் காணல்

மலையகத்தில் மரக்கறி செய்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிழங்கு தோண்டும் நாளில் துளை விழுந்த கிழங்கொன்று கைக்கு வந்ததும், அந்த மண்ணில் முதலில் கண்ணில் பட்ட புழுவின் மீதே பழியைப் போட்டுவிட்டு, மாலைக்குள் மருந்துக் கடைக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். நுவரெலியாவுக்குக் கீழே ஒரு சரிவில் கால் ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டிருந்தபோது, பாத்தியில் கண்ட ஒரேயொரு மஞ்சள் புழுவை நம்பி மருந்து வாங்கி ஊற்றினேன். பிறகு கிழங்கை வெட்டிப் பார்த்தபோதுதான் அவ்வளவும் நத்தை குடைந்த துளை என்று தெரிந்தது. செலவான பணத்தைவிட, வெட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்காமல் போனதே என்னை அதிகம் உறுத்தியது. ஆகவே இங்கே மருந்தின் பெயரிலிருந்து தொடங்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

சொடுக்கு வண்டு என்று நான் எழுதுவது, மல்லாந்து கிடக்கும்போது விரல் சொடுக்குவது போன்ற ஓசையோடு மேலெழும்பும் வண்டுக் குடும்பத்தை. அறிவியலில் அதற்கு எலாட்டரிடே என்று பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 10,000 இனங்கள் அந்தக் குடும்பத்தில் அடங்கும். அதன் இளம்பருவமே கம்பிப்புழு. வண்டு வேறு, புழு வேறு என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இவ்விரண்டும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள் என்பது வியப்பாக இருக்கும். அது தெரியாததால்தான் விளக்கடியில் வண்டை அடித்துக் கொன்றுவிட்டுப் பாத்தியில் புழுவைத் தேடாமல் விடுகிறோம்.

விளக்கடியில் ‘டிக்’ என்று ஓசை கேட்கிறது, வண்டொன்று மல்லாந்து துள்ளுகிறது

மழை விட்ட வெதுவெதுப்பான இரவில் லயத்து வாசல் விளக்கின் கீழே, சீமெந்துத் தரையில், மண்ணிறத்தில் அல்லது கருமையில் ஒரு நீண்ட வண்டு விழுந்து கிடக்கும். உடல் இரு முனையிலும் ஒடுங்கிப் படகு போல இருக்கும். கழுத்துப் பகுதியின் பின்மூலைகள் இரண்டும் முள் போலக் கூராகப் பின்னோக்கி நீண்டிருக்கும். இந்தக் கூர்மூலைகளே முதல் அடையாளம். அதைக் குச்சியால் புரட்டி மல்லாத்திப் பாருங்கள். கால்கள் குட்டையானவை என்பதால் தரையைப் பற்றித் திரும்ப அதற்கு எளிதில் முடியாது. சில விநாடிகள் அசையாமல் கிடக்கும். பிறகு தலையும் பின்னுடலும் தரையில் ஊன்ற, நடுப்பகுதி வில்லாக வளையும். அடுத்த கணம் ‘டிக்’ என்ற ஓசையோடு வண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலே போய்விடும். விரலிடையே பிடித்திருந்தால் அந்த அதிர்வு நகக்கண்ணில் தட்டுவது போலத் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அதன் மார்பின் அடிப்பக்கத்தை ஒரு கைவில்லை கொண்டு பார்ப்பது நல்லது. முன்மார்பிலிருந்து பின்னோக்கி நீளும் ஒரு முளை இருக்கும். அதற்கு நேரே நடுமார்பில் அம்முளை போய் அமரும் ஒரு குழி இருக்கும். வண்டு உடலை வளைக்கும்போது முளை குழியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே தசை சுருங்கிக்கொண்டே போக, இழுத்துப் பிடித்த கவணைப் போல விசை சேர்ந்துகொண்டே போகிறது. முளை விளிம்பிலிருந்து வழுக்கிக் குழிக்குள் விழும் அந்த நொடியில் சேர்ந்த விசையெல்லாம் ஒன்றாக விடுபட்டு உடலை எறிகிறது. ஐரோப்பிய இனமொன்றை வைத்து 1972இல் வெளியான ஆய்வில், அவ்வண்டு 30 சென்ரிமீற்றர் வரை எழும்புவதும், எழும்பும் கணத்தில் அதன் வேக மாற்றம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 380 மடங்கு இருப்பதும் கணக்கிடப்பட்டன. கால்களுக்கு இதில் பங்கில்லை. எந்தத் திசையில் விழுவது என்பதும் அதன் கையில் இல்லை. ஆகையால் மறுபடியும் மல்லாந்து விழுந்து, மறுபடியும் சொடுக்கி, மூன்றாம் நான்காம் முறையில் நிமிர்ந்து ஓடுவதைப் பார்க்கலாம். பறவையின் அலகிலோ பல்லியின் வாயிலோ அகப்பட்டபோது திடுக்கிட வைத்துத் தப்பவும் இதே சொடுக்கு உதவுகிறது.

இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வண்டு கொட்டாது, நஞ்சும் கிடையாது. வளர்ந்த வண்டு இலையையும் பூந்தூளையும் சிறிதளவு தின்பதோடு சரி. பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து விளையாடினால் பயப்பட வேண்டாம், மறுநாள் விட்டுவிடச் சொன்னால் போதும். ஆனால் ஒரே பருவத்தில் தொடர்ந்து பல இரவுகள் இருபது முப்பது வண்டுகள் விழுமானால், சுற்றியுள்ள புற்றரையில் முட்டையிடும் காலம் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு பின்னர் பயன்படும். புரட்டிப் போட்ட வண்டு எவ்வளவு நேரமானாலும் சொடுக்காமல் கால்களை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தால், அது வேறு குடும்பத்து வண்டாக இருக்கலாம். உலோகம் போல மினுங்கும் பொன்வண்டுகள் உருவத்தில் ஏறத்தாழ இவற்றைப் போலவே இருந்தாலும் சொடுக்குவதில்லை.

தோண்டிய உருளைக்கிழங்கில் துளைகள் இருக்கின்றன

இங்கேதான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். துளை விழுந்த கிழங்குகளில் பத்தைத் தனியே எடுத்து, மண் போகக் கழுவி, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்கையும் கூர்மையான கத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் துளையின் வாயைப் பாருங்கள். பிறகு ஈர்க்கை மெல்ல உள்ளே விட்டு, எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகே ஈர்க்குப் போன வழியைப் பிளந்து வெட்டுங்கள்.

கம்பிப்புழுவின் துளை வட்டமாக, ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர் அகலத்தில், பென்சில் முனையால் குத்தியது போலச் சுத்தமாக இருக்கும். உள்ளே போன பிறகும் அகலம் மாறாது என்பதே இதன் தனிச்சிறப்பு. ஈர்க்கு தடையில்லாமல் உள்ளே வழுக்கிப் போகும். வெட்டினால், ஒரே அளவில் சீராகக் குடைந்த சுரங்கம் தெரியும், சில வேளைகளில் அது மறுபக்கம் வரை போயிருக்கும். கிழங்கு பிஞ்சாக இருந்தபோதே கடித்த துளையானால் சுவர் தக்கை போலக் காய்ந்து மண்ணிறமாகி மூடப் பார்த்திருக்கும். அறுவடைக்குச் சற்று முன் குடைந்ததானால் சுவர் ஈரமாகவும் வெளிறியும் இருக்கும். இந்த வேறுபாட்டை வைத்தே சேதம் எப்போது நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஈரச் சுவருள்ள துளைகளே அதிகமாக இருந்தால், கிழங்கை மண்ணில் தேவைக்கு மேல் விட்டு வைத்ததுதான் குற்றம் என்பது என் கணிப்பு. செடி காய்ந்து கிழங்குத் தோல் இறுகிய பின்னும், விலை ஏறட்டும் என்று இரண்டு மூன்று வாரம் மண்ணுக்குள் வைத்திருப்பது நம்மிடையே சாதாரணம். அந்த வாரங்களில்தான் புழு நிம்மதியாகத் தின்கிறது.

துளையின் வாய் சிறிதாக இருந்து, வெட்டியவுடன் உள்ளே பெரிய குகையாக விரிந்திருந்தால், அது ஓடில்லா நத்தையின் வேலை. ஈர்க்கு உள்ளே போய்ப் பக்கவாட்டில் தடுமாறி ஆடும். வெட்டும் முன்பே இந்த ஆட்டத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஈரம் தங்கும் பாத்திகளிலும் பாதி மக்கிய எருவை அள்ளிப் போட்ட இடங்களிலும் இது அதிகம். என் பாத்தியில் நடந்ததும் இதுதான்.

தோலுக்குக் கீழே ஆழமில்லாமல், அகலமாகச் சுரண்டியது போன்ற பள்ளம் இருந்தால், மண்ணுக்குள் ஆங்கில எழுத்து ‘சி’ போலச் சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுவையோ வெட்டுப்புழுவையோ சந்தேகிக்க வேண்டும். பள்ளத்தில் பல் பதிந்த இரட்டைக் கோடுகள் இருந்தால் எலி. கிழங்கின் கண்களைச் சுற்றிக் கறுத்த பொடி போன்ற எச்சமும் மெல்லிய நூலும் இருந்து, உள்ளே கோணல்மாணலாக ஓடும் சுரங்கத்தில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட சிறு புழு தெரிந்தால், அது கிழங்கு அந்துப்பூச்சியின் புழு. மண் அணைப்பு விலகி வெளியே தெரியும் கிழங்குகளிலும் சேமித்து வைத்த கிழங்குகளிலும் அதுவே பெரும் எதிரி. கம்பிப்புழுவுக்குச் செய்யும் வேலை எதுவும் அதற்கு உதவாது. அதற்கு மண் அணைப்பதையும் சேமிப்பிடத்தையும் கவனிக்க வேண்டும்.

ஈர்க்கு சில மில்லிமீற்றர் மட்டும் போய் நின்றுவிட்டு, அடியில் கறுத்துக் கெட்டிப்பட்ட தட்டு போன்ற பகுதி தென்பட்டால், அது புழுவே இல்லாமலும் இருக்கலாம். கிழங்குத் தோலில் கறுப்புப் பொருக்கை உண்டாக்கும் ரைசோக்ரோனியா பூஞ்சை இப்படிப்பட்ட ஆழமற்ற குழிகளை உண்டாக்கும். கம்பிப்புழுத் துளை என்று தவறாக எண்ண வைப்பதில் இதுவே கைதேர்ந்தது. அதே கிழங்கின் வேறிடத்தில், கழுவியும் போகாத கரிய மண் கட்டி போன்ற பொருக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

இன்னொன்று. துளைக்குள் மரவட்டை கிடந்தால் அதைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த காயத்துக்குள் குடியேறியதுதான்.

மண்ணைக் கிளறும்போது மஞ்சள் நிறப் புழு வருகிறது

மண் கிளறும் முள்ளுக் கருவியால் பாத்தியைக் கிளறும்போது வெளிவரும் புழுவை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். கம்பிப்புழு வைக்கோல் மஞ்சளில் இருந்து செம்மஞ்சள் வரை இருக்கும். உருண்டு, பளபளத்து, பெயருக்கேற்பக் கம்பித் துண்டு போல விறைப்பாக இருக்கும். விரலிடையே நசுக்கப் பார்த்தால் எளிதில் நசுங்காது. முழு வளர்ச்சியில் பல இனங்களின் புழு 20 முதல் 25 மில்லிமீற்றர் நீளம் வரும். தலைக்கு உடனே பின்னால் மூன்று சோடிக் கால்கள் மட்டும் இருக்கும். உடலின் மற்றப் பகுதி வழுவழுப்பாகக் கிடக்கும்.

உடல் நெடுகக் கால் வைத்து, தொட்டவுடன் சுருள்வது மரவட்டை. காலே இல்லாமல் தோல் தடித்துச் சாம்பல் நிறத்தில் நெளிவது ஒரு வகை ஈயின் புழு. கம்பிப்புழுவை அச்சாக ஒத்திருப்பது கரும் மாவண்டுக் குடும்பத்துப் புழு ஒன்றுதான். அதன் தலை மேற்புறம் உருண்டு புடைத்திருக்கும், கம்பிப்புழுவின் தலை தட்டையாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் வால் முனையைப் பாருங்கள். கம்பிப்புழுக்களிலேயே சில வகைகளுக்கு அது ஒற்றைக் கூராக முடியும், வேறு சில வகைகளுக்கு நடுவில் வெட்டு விழுந்து கவட்டை போலப் பிரிந்திருக்கும். எந்த வகை என்று தீர்மானிப்பதற்கு வல்லுநர்கள் முதலில் பார்ப்பதும் இந்த வாலையே. ஆகவே புழுவை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டக் கொண்டுபோவதானால், நசுங்காமல், மூடியுள்ள சிறு போத்தலில், கொஞ்சம் ஈர மண்ணோடு கொண்டுபோக வேண்டும். கடதாசியில் மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோன புழுவை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

ஒரு சதுர அடி மண்ணில் ஒரு புழு கண்டதும் பதற வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் எல்லாம் வேர் தின்பவை அல்ல. மக்கிய பொருளையும் பிற பூச்சிகளின் புழுக்களையும் தின்று வாழ்பவையும் பல. கிழங்கில் மேற்சொன்ன துளையும் இருந்து, மண்ணில் புழுவும் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

நட்ட நாற்று வாடிச் சாய்கிறது

சோளம், கரட், கோவா, லீக்ஸ் எதுவாயினும், வாடிய நாற்றை இழுத்துப் பிடுங்காமல், பக்கத்தில் முள்ளை இறக்கி மண்ணோடு தூக்குங்கள். தண்டு தரைமட்டத்தில் கத்தரித்தது போல வெட்டுண்டு கிடந்தால் அது வெட்டுப்புழு. இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் பக்கத்திலேயே கிடைக்கும். தண்டு வெட்டுப்படாமல், மண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் நார்நாராகக் கிழிந்து, நடுவில் சிறு துளை குடைந்திருந்தால் கம்பிப்புழு. கம்பிப்புழு உணவைக் கடித்து விழுங்குவதில்லை. வாயிலிருந்து செரிமான நீரை விட்டுக் கரைத்து, கரைந்த சாற்றையே உறிஞ்சுகிறது. தண்டு நார்நாராகத் தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். விதை முளைக்கவேயில்லை என்றால், மண்ணைத் தோண்டி விதையை எடுத்துப் பாருங்கள். உள்ளீடு போய் வெறும் தோல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

உருளைச் செடி பகலில் வாடி, இரவில் தேறி, சில நாளில் ஒரேயடியாகச் சாய்ந்தால், தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை தண்ணீரில் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை. அந்தச் செடியை மண்ணோடு அகற்றிவிட்டு உடனே ஆலோசனை கேளுங்கள்.

முதல் போகம் நன்றாக வந்தது, இரண்டாம் போகத்தில் கிழங்கெல்லாம் துளை

புதிதாகத் திருத்திய நிலத்துக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. விதைக் கிழங்கோடு புழு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விடை பெரும்பாலும் நிலத்தின் பழைய வரலாற்றில் இருக்கும்.

சொடுக்கு வண்டு முட்டையிட விரும்புவது புல் அடர்ந்த, அடிக்கடி கிளறப்படாத, ஈரம் தங்கும் மண்ணை. முட்டையும் புதிதாகப் பொரித்த புழுவும் வறட்சியைத் தாங்கா. புல்லின் நிழலும் வேரின் ஈரமுமே அவற்றைக் காப்பாற்றுகின்றன. புழுப் பருவம் நீண்டது. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கைத் தாக்கும் அக்ரியோட்டீஸ் என்னும் சொடுக்கு வண்டு இனங்களுக்கு அது நான்கைந்து ஆண்டுகள் வரை நீளும். வெப்பமான இடங்களில் வளர்ச்சி விரைவாக நடந்தாலும், ஒரு மரக்கறிப் போகத்துக்குள் முடிந்துவிடும் வாழ்க்கை அல்ல. வளர்ந்த புழு மண்ணுக்குள் சிறு அறை செய்து கூட்டுப்புழுவாகி, அங்கேயே வண்டாகி, தக்க காலம் வரும்வரை காத்திருந்து வெளியே வரும். ஆகவே இன்று உங்கள் கிழங்கைக் குடையும் புழு, நீங்கள் அந்த நிலத்தில் முள்ளு இறக்குவதற்கு முன், அங்கே புல் நின்ற காலத்தில் இடப்பட்ட முட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் புல்லுக்குக் குறைவில்லை. தேயிலைத் தூரைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக 18 முதல் 24 மாதங்கள் வரை குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்கிறார்கள். கைவிட்ட தேயிலை மலைகளில் கினிப் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஊவாப் பக்கம் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலத்தைத் திருத்தி உருளைக்கிழங்கோ கரட்டோ போட்டால், முதல் போகத்தில் புழுக்களுக்குப் புரட்டிப் புதைத்த புல்லின் வேரே போதிய உணவாக இருக்கும். அது மக்கித் தீர்ந்தபின், அதே புழுக்கள், இப்போது இன்னும் பெரிதாக வளர்ந்த நிலையில், கிழங்குக்குத் திரும்பும். இரண்டாம் போகம் மோசமாவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

செய்ய வேண்டியதும் அதிலிருந்தே கிடைக்கிறது. புல் நிலத்தைத் திருத்திய முதல் இரண்டு ஆண்டு கிழங்கையும் கரட்டையும் தவிர்த்து, போஞ்சி, பட்டாணி போன்றவற்றைப் போடுங்கள். அவற்றைப் புழு தொடவே தொடாது என்பதல்ல. தொட்டாலும் விற்கும் பொருள் மண்ணுக்கு மேலே இருப்பதால் இழப்புக் குறைவு. ஒவ்வொரு போகத்துக்கு இடையிலும் நிலத்தை இரண்டு மூன்று முறை கிளறிப் போடுங்கள். வெயிலில் காய்ந்து சாவது ஒருபுறமிருக்க, முள்ளுக்குப் பின்னாலேயே வரும் மைனாவும் காகமும் கொக்கும் பொறுக்குவது அதைவிட அதிகம். வீட்டுக் கோழிகளைக் கிளறிய பாத்தியில் ஒரு காலை விட்டுப் பாருங்கள், அவை தீர்க்கும் கணக்கு உங்களுக்கே தெரியும். போகம் முடிந்த நிலத்தைப் புல் மண்ட விடாதீர்கள். விளக்கடியில் வண்டு விழுந்த மாதத்தைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த மாதத்தில் நிலம் புல்லில்லாமல் இருந்தால் முட்டைக்கு இடமில்லை. வரம்போரத்துப் புல்லையும் அதற்கு முன்பே செதுக்கிவிடுவது நல்லது.

இரை புதைத்தும் ஒரு புழுவும் அகப்படவில்லை

நடுகைக்கு முன்பே புழு இருக்கிறதா என்று பார்க்கும் முறை எளிது. ஊற வைத்து முளைவிடத் தொடங்கிய சோளம் இரண்டு கைப்பிடியை ஒரு சாண் ஆழக் குழியில் போட்டு மண்ணால் மூடி, மேலே கறுப்புப் பொலித்தீன் துண்டொன்றை விரித்துக் கல் வைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த மண்ணை முழுவதுமாக அள்ளி ஒரு சாக்கில் பரப்பித் தேடுங்கள். வெட்டிய உருளைக்கிழங்கையோ கரட்டையோ குச்சியில் குத்திப் புதைத்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இழுத்துப் பார்ப்பதும் உண்டு. சிறு தோட்டத்தில் இப்படியே பிடித்துக் குறைத்துவிடவும் முடியும். புழு இரையைத் தேடி வருவது மணத்தினால் மட்டுமல்ல. முளைக்கும் விதையும் வேரும் மூச்சாக விடும் கரியமில வாயுவைப் பின்தொடர்ந்தே வருகிறது. இரை வேலை செய்வதன் இரகசியமும் அதுதான், வேலை செய்யாமல் போவதற்கான காரணமும் அதுதான்.

பச்சைப் பயிர் நிற்கும் பாத்தியிலோ, புல்லைப் புதைத்து ஒரு மாதமாகாத பாத்தியிலோ இரை வைத்தால், சுற்றியுள்ள வேர்களும் மக்கும் புல்லும் விடும் வாயுவில் உங்கள் இரண்டு கைப்பிடிச் சோளம் காணாமல் போய்விடும். வெறும் நிலத்தில்தான் வைக்க வேண்டும். தை, மாசியில் மண் காய்ந்து பொடியாக இருக்கும்போதும், அதிகாலையில் பனி கொட்டிப் புல் கருகும் நாட்களிலும், புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். நல்ல மழைக்குப் பின் ஒரு வாரம் விட்டு வையுங்கள். இவ்விரண்டும் சரியாக இருந்தும் அகப்படாமல் போகலாம், ஏனென்றால் கம்பிப்புழு எந்நேரமும் தின்பதில்லை. ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்னும் பின்னும் நெடுநாள் உண்ணாமல் கிடக்கும். ஆகவே ஒரு குழியை நம்பாமல், நிலத்தின் வெவ்வேறு மூலைகளில் ஏழெட்டுக் குழி போட்டு, முடிந்தால் இரண்டாம் முறையும் செய்யுங்கள். ஏழெட்டுக் குழியிலும் இரண்டு முறையும் ஒன்றும் வராவிட்டாலும் புழுவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. குறைவு என்று மட்டும் கொள்ளலாம்.

மருந்து போட்டும் தீரவில்லை

செடியின் மேல் தெளித்த மருந்து மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும், தோல் தடித்த, வாரக்கணக்கில் உண்ணாமல் இருக்கக்கூடிய புழுவைச் சென்று சேராது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1950களில் உலகெங்கும் அல்ட்ரின், டைஎல்ட்ரின் போன்ற மருந்துகளை மண்ணில் கலந்தபோது கம்பிப்புழு பல ஆண்டுகள் தலைகாட்டவில்லை. அந்த மருந்துகள் மண்ணில் அழியாமல் ஆண்டுக்கணக்கில் தங்கியதே அதற்குக் காரணம். அதே காரணத்தால்தான் அவை உணவிலும் உடற்கொழுப்பிலும் சேர்ந்து, 2001இல் கைச்சாத்தான ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் முதற்பட்டியலில் இடம்பெற்றன. பெரியவர்கள் சிலர் “அந்தக் காலத்துத் தூள் இருந்தால் ஒரே நாளில் தீரும்” என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்துத் தூள் யாரிடமாவது எஞ்சியிருந்தால், அதைத் தொடாமல் அறிவிக்க வேண்டும்.

மருந்து தேவைதான் என்ற நிலை வந்தால், நடும்போதே மண்ணில் இடுவதற்கென்று, அந்தப் பயிருக்கென்று, லேபலில் எழுதியிருக்கும் மருந்தையே கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாத மருந்தை விற்பதே குற்றம். எது இப்போது அனுமதியில் இருக்கிறது என்பதைக் கடைக்காரரைவிட விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையிலோ கேட்பது பாதுகாப்பானது. கிழங்கு திரண்ட பிறகு துளையைக் கண்டு ஊற்றும் மருந்து துளையை மூடாது. மருந்து கிழங்கோடு சந்தைக்குப் போவதுதான் மிச்சம். அந்த நிலையில் செய்யக்கூடிய ஒரே நல்ல வேலை, தோல் இறுகியதும் தாமதிக்காமல் தோண்டிவிடுவது.

டொலமைட் போட்டால் புழு சாகும் என்ற நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். புளித்த மண்ணைத் திருத்த டொலமைட் நல்லது, புழுவைக் கொல்ல உதவாது. அளவு மிஞ்சினால் கிழங்கில் சொறி நோய்க்கு வழிவிடும். உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது முதலில் பயிரைக் கொல்லும்.

செத்த புழுவின் மேல் பச்சைத் தூள் பூத்திருக்கிறது

கிளறும்போது விறைத்துச் செத்த புழுவொன்று, முதலில் வெண்பூஞ்சை படர்ந்து, பிறகு பாசிப் பச்சைத் தூள் பூசியது போலக் கிடைத்தால், அதைத் தூர எறியாதீர்கள். அது மெட்டாரைசியம் என்னும் மண் பூஞ்சை. புழுவின் தோல் வழியாக உள்ளே புகுந்து கொன்று, பின் வெளியே வித்துகளைப் பரப்புகிறது. எடுத்த பாத்தியிலேயே, வெயில் படாமல், ஈர மண்ணுக்குள் திரும்பப் புதைத்துவிடுங்கள்.

தேயிலைக் கிளையில் துளை, மக்கிய கட்டையில் புழு

கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் கிளையில் குண்டூசி அளவுத் துளைகள் தெரிந்தால், அது சொடுக்கு வண்டின் வேலை அன்று. ஏறத்தாழ 2 மில்லிமீற்றரே உள்ள வேறொரு துளைப்பான் வண்டு, கிளைக்குள் சுரங்கம் தோண்டி, அங்கே பூஞ்சை வளர்த்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. அதற்குத் தோட்டத்தில் தனி வழிமுறை உண்டு.

சவுக்கு, கிரவிலியா போன்ற மரங்களின் மக்கிய கட்டையைப் பிளக்கும்போது, பட்டைக்கடியில் தட்டையான தலையும் கவட்டை வாலும் கொண்ட பெரிய செம்மஞ்சள் கம்பிப்புழு கிடைத்தால், அது பெரும்பாலும் பிற வண்டுகளின் புழுக்களை வேட்டையாடித் தின்பது. வெறுங்கையால் பிடித்தால் தாடையால் ஒரு கடி கடித்துவிடும் என்பதைத் தவிர அதனால் நமக்குத் தொல்லையில்லை. பட்டையை இருந்தபடியே மூடி, கட்டையை எடுத்த இடத்திலேயே புரட்டி வைத்துவிடுங்கள்.